பிரியாணிப் படத்துக்காக அழித்தது

ராயப்பேட்டை,
8 பிப்ரவரி 2026

அன்பு மகள் தூபாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே நான் சுகம், முட்டியும் சர்க்கரையும் மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறார்கள், அங்கே உன் இருமல் விட்டதா, குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா என்று தெரிந்தால் எனக்குப் பாதி நிம்மதி. கடிதத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய், தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்குத் தபாலாபீஸுக்குப் போய் ஸ்டாம்பு ஒட்டுகிறாள் என்று. உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கும் ஒன்றுமில்லை. நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். போனில் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன், மூன்று தடவையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ, அத்தா இல்லாத மூணாவது நோன்பு, தொடங்குவதற்குள் அவர் குரலைக் கேட்கணும் போலிருக்கு, அந்த லென்ஸ் வீடியோவை எடுத்து அனுப்பும்மா என்றாய். நான் நெட் வரவில்லை என்றேன். மறுநாளும் நெட் வரவில்லை என்றேன். நெட் நன்றாகத்தான் வருகிறது கண்ணு. அந்த வீடியோதான் இல்லை. நான் அழித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை என்பது உனக்கே தெரியும், ஆனாலும் இந்தக் கையால்தான் அழித்தேன். எப்படி என்று முதலிலிருந்து எழுதுகிறேன், கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் திட்டு.

இந்த வருஷம் எனக்கு ஆறாம் வகுப்பு பி செக்ஷன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், முப்பத்தொரு பெண்பிள்ளைகள், ஆளுக்கொரு வாய். ஜூன் மாசமே எங்கள் கம்ப்யூட்டர் வாத்தியார் பாலகணேஷ் ஒரு பட்டியலோடு வந்து நின்றார், படம் போட ஒன்று, க்விஸ் நடத்த ஒன்று, குரல் பதிய ஒன்று, பொம்மைப் படம் எடுக்க ஒன்று, எல்லாமே இலவசம் டீச்சர், காசே வேண்டாம் என்றார். காசு வாங்காதவன் வேறு எதையோ வாங்கப் போகிறான் என்றேன் நான். சிரித்தார். முதல் க்விஸ் அன்றைக்கு என் பேச்சு நிஜமாகியது, பெரிய திரையில் பூக்களின் பாகங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் மாப்பிள்ளை தேடித் தருகிற விளம்பரம் வந்து நின்றது, முப்பத்தொரு பேரும் கத்திய கத்தில் தலைமையாசிரியை சுந்தரவல்லி டீச்சர் ஓடி வந்துவிட்டார்கள். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளைகள் அந்த க்விஸில் பட்டப் பெயர் வைத்துக்கொண்டு பிய்த்து உதறினார்கள். கீர்த்தி என்று ஒருத்தி, அவள் அப்பா ஜவஹர் ஆட்டோ ஓட்டுகிறார், வீட்டில் ஒரே போன், அது அவரோடுதான் சுற்றும். அதனால் அவள் வீட்டுப்பாடமெல்லாம் வடபழனி ஸ்டாண்டிலிருந்து வரும், சவாரி வரும்வரை அப்பா கேள்வியைப் படிப்பாராம், ஸ்டாண்டில் இருக்கிற மற்ற டிரைவர்கள் விடை சொல்லச் சண்டை போடுவார்களாம். இதையெல்லாம் நடத்த எனக்குக் கற்றுக்கொடுத்தது நீதான், ஞாயிறு தோறும், அம்மா அதை அழுத்தாதே, இதை அழுத்து என்று. உனக்குப் பொறுமை கம்மி. ஏழாம் வாய்ப்பாட்டில் நீ இரண்டு மாசம் குடியிருந்தாய், நான் ஒரு நாளாவது பல்லைக் கடித்தேனா.

இந்தக் கருவிகளைத் தொடும்போதெல்லாம் எனக்கு நம்முடைய சனிக்கிழமைகள்தான் ஞாபகம் வரும். அப்போது இலவசம் என்றால் அத்தாவின் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வரும் காலி அட்டைப் பெட்டிதான். கண்ணாடி ஃபிரேம் வந்த பெட்டியெல்லாம் நசுங்காமல் கட்டி ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவருவார். காலண்டரின் பின்பக்கம், பைகிராப்ட்ஸ் ரோட்டில் வாங்கிய சார்ட் பேப்பர், ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய பழைய ட்ரிப் ட்யூப், அதில் சிவப்பு மையும் நீல மையும் ஊற்றினால் ரத்த ஓட்டம் தயார். சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் உட்காருவோம், அத்தா வெட்டுவார், நான் ஒட்டுவேன், நீ கலர் அடிப்பாய். கல்லீரலுக்குப் பச்சை அடித்துவிட்டு பழுப்பு ஸ்கெட்ச் தீர்ந்துபோச்சு என்று அழுதாயே, அத்தா என்ன சொன்னார், பரவாயில்லை, கொத்தமல்லி தூவின ஈரல் என்று சொல்லிக்கலாம் என்றார். சைதாப்பேட்டையில் கண்காட்சிக்குச் சூரியக் குடும்பத்தைப் பஸ்ஸில் எடுத்துப் போனபோது சனிக் கிரகம் கழன்று உருண்டு கண்டக்டர் காலடியில் போய் நின்றதும், அவர் அதைக் கையில் எடுத்து இதுக்கு டிக்கெட் வாங்கினீங்களா என்று கேட்டதும் நேற்று மாதிரி இருக்கிறது. ராத்திரி சோற்றில் பசை வாசம் அடிக்கும், ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டோம். இப்போது அந்த மேஜையில் நான் ஒருத்தி உட்கார்ந்து விரலால் திரையைத் தேய்க்கிறேன், அழகழகாகப் படம் வருகிறது, பசை வாசம் மட்டும் வரவில்லை. உங்கள் இருவரையும் நினைத்து அழுகிற ஆள் நான் இல்லை, ஆனால் சில சனிக்கிழமை அழுதேன். அதை விடு.

டிசம்பரில் மாவட்ட அளவில் ஒரு போட்டி அறிவித்தார்கள், மாணவர்களே இலவசக் கருவியில் ஒரு பாடத்தைப் படமாக எடுக்கவேண்டும், மூன்று நிமிஷம். பிள்ளைகளைக் கேட்டேன், செரிமானம் என்றார்கள். எதை வைத்து என்றேன். பிரியாணி என்று வகுப்பே கத்தியது. அட்டையில் வாய், உணவுக்குழாய், வயிறு, குடல் எல்லாம் வரைந்து வெட்டி, ஒரு பிரியாணி உருண்டைக்குக் கண்ணும் காலும் வைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நகர்த்திப் போட்டோ எடுத்தோம், எல்லாவற்றையும் ஓடவிட்டால் பிரியாணி நடக்கும். எடுத்தது சரியில்லை என்றால் அதற்கு ட்ரையல் என்று பெயர் போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன், பழகாத பிள்ளைகள், ட்ரையல் மட்டும் நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டது. படம் எதில் முடியவேண்டும் என்பதில் பெரிய தகராறு. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், சுந்தரவல்லி டீச்சர், பெருங்குடலோட நிறுத்திக்குங்க வஜீஹா, அதுக்கு மேல அவங்களுக்கே தெரியும் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

பிரியாணிக்குக் குரல் யார் என்பதுதான் அடுத்தது. மஹ்விஷ் என்று ஒரு பிள்ளை, வீட்டில் உருது, வகுப்பில் வாயே திறக்கமாட்டாள், தமிழ் வாசிக்கச் சொன்னால் நாக்குப் புரளும், மற்றதுகள் சிரிக்கும், அவள் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். ஆறு மாசமாக அவள் குரலை நான் முழுசாகக் கேட்டதில்லை. ஒரு நாள் போனை அவள் கையில் கொடுத்து, மாடிப்படிக்குக் கீழே போய் தனியாகப் பேசு, பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பேசு, யாரும் கேட்கமாட்டார்கள் என்று அனுப்பினேன். அரைமணி நேரம் கழித்து வந்தாள். போட்டுக் கேட்டால், ஐயோ, அது எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. வயிற்றின் வாசலில் நின்றுகொண்டு பிரியாணி, “இன்னா நைனா, எவ்ளோ நேரம் நிக்கிறது, கதவத் தொற” என்கிறது. சிறுகுடலுக்குள் நுழைந்ததும், “இன்னாடா இது, போய்க்கினே கீது, முடியவே மாட்டேங்குது” என்கிறது. தெருவில் கேட்டதையெல்லாம் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்திருக்கிறது அந்தப் பிள்ளை. வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது, இந்தத் தடவை அவளைப் பார்த்து இல்லை.

படத்தை அனுப்பவேண்டிய கடைசி நாள் ஜனவரி இருபத்திமூன்று, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. பதினொன்றரைக்கு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஏற்றினால் இடம் இல்லை, நிரம்பிவிட்டது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. நீ காலேஜ் படிக்கும்போது வீட்டுக்கெல்லாம் சேர்த்து நெட்டில் ஒன்று திறந்தாயே, இப்போது என் போனில் மட்டும் திறக்கிறதே, அந்தக் கணக்குதான், நம் வீட்டுப் படங்களோடு அதில்தான் என் பள்ளிக்கூடச் சமாச்சாரமும் முழுக்கக் கிடக்கிறது. பாலகணேஷ் வகுப்பில் இருந்தார். கதவுக்கு வெளியே மஹ்விஷும் இன்னும் நாலு பேரும் போயிடுச்சா டீச்சர், போயிடுச்சா டீச்சர் என்று எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு வழி தெரியும் என்று நினைத்தேன். ட்ரையல் என்று தேடினேன், வரிசையாக வந்தது, நெட் மெதுவாக இருந்ததால் படம் தெரியவில்லை, சாம்பல் கட்டங்களும் பெயர்களும் மட்டும்தான். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். அப்புறமும் இடம் போதவில்லை, குப்பைத் தொட்டியில் கிடப்பதும் இடத்தை அடைக்கும் என்று பாலகணேஷ் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது, அதையும் காலி செய்தேன். நிச்சயமாகவா என்று அது கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். முப்பத்தொரு வருஷமாக மணி அடித்ததும் அடுத்த டீச்சர் வருவதற்குள் போர்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெளியேறுகிற கை இது, ஒரு புள்ளி சுண்ணாம்பு இருந்தால் எனக்குப் பிடிக்காது, உனக்கே தெரியும். துடைப்பதற்கு முன் ஒரு தடவை வாசிக்கவேண்டும் என்று அந்தக் கைக்குத் தோன்றவே இல்லை. பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் படம் போய்ச் சேர்ந்தது.

முப்பதாம் தேதி சைதாப்பேட்டையில் ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். பரிசு வரவில்லை, ஆறுதல் பரிசு கூட இல்லை, ஆனால் சிறுகுடல் வந்தபோது அத்தனை பள்ளிக்கூடமும் கைதட்டியது. மஹ்விஷ் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு நான் சந்தோஷமாக வீடு வந்து உனக்குப் போன் பண்ணினேன், ஞாபகம் இருக்கிறதா. இரண்டு நாள் கழித்து நீ வீடியோவைக் கேட்டாய். தேடினேன். கிடைக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. ஊரடங்கு வருஷத்தில் நீதான் அதை எடுத்தாய், எடுத்து ஏற்றும்போது அதற்குப் பெயர் போட்டதும் நீதான், ட்ரையல் என்று.

அன்றைக்கு மேஜையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. மறுநாள் வகுப்பில் மஹ்விஷ் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள், எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பதினொரு வயசுப் பிள்ளை மேல் எனக்குக் கோபம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவள் புரிந்துகொண்டாள் போல, அன்று முழுக்கத் தலையைக் குனிந்தே இருந்தாள், பழையபடி. அதைப் பார்த்தபின் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டு முதல் பெஞ்சில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன், இப்போது அவள்தான் தினமும் பாடம் வாசிக்கிறாள். பாலகணேஷிடம் சொன்னேன், அவர் முகம் செத்துவிட்டது, உதவிப் பக்கத்துக்கு இரண்டு தடவை எழுதிப் பார்த்தார், தொட்டியைக் காலி செய்தபின் ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் வந்தது. உன் பழைய போன் அங்கே ராட்டர்டாம் ட்ராமில் திருடு போயிற்று. அத்தா போனோ, அவர் வஃபாத்தாகி மூன்றாம் மாசம் மிக்ஜாம் புயல் மழையில் கடை டிராயருக்குள்ளேயே ஊறிப் போனது. மிச்சம் இருந்தது கடைக் கம்ப்யூட்டர்தான். அதில் எங்காவது இருக்குமோ என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தபின் கடைக்குப் போனேன், அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் எனக்கு ஞாபகம் இருக்கிற வரை அந்த வீடியோவை எழுதிவிடுகிறேன், மறந்துபோவதற்குள். இதற்காகத்தான் போன் வேண்டாம் என்று கடிதம்.

நாலு நிமிஷம் பதினொரு செகண்ட். சுவரில் நீலப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருக்கிறோம், இடது மூலையில் கிளிப் விட்டுப்போய் காலண்டர் தெரிகிறது. பத்தாம் வகுப்புக்கு லென்ஸ் பாடம். முதலில் என் முழங்கை வருகிறது, அப்புறம் நான், செய்தி வாசிக்கிறவள் மாதிரி விறைப்பாக, மாணவிகளே வணக்கம் என்கிறேன். எதிர் நாற்காலியில் அத்தா, மாணவியாக நடிக்க, கைலி மேல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சட்டையை உள்ளே செருகியிருக்கிறார். நான் ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கையைத் தூக்கி, டீச்சர் பாத்ரூம் போலாமா என்கிறார். நான் முறைக்கிறேன். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை முடிச்சை அவிழ்க்கிறார், உள்ளே இரண்டு லென்ஸ். அதற்கு மேல் என்னைப் பேசவே விடவில்லை, வாடிக்கையாளரிடம் பேசுவது போலவே பேசுகிறார். “இது குவிலென்ஸு, பேப்பர கைய நீட்டிப் புடிச்சிக்கினு படிக்கிறாங்களே அவங்களுக்கு. இது குழிலென்ஸு, பஸ் நம்பர் தெரியாம கண்டதுல ஏறிடுறாங்களே அவங்களுக்கு.” முப்பத்தொரு வருஷம் நான் நடத்திய பாடத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. அப்புறம் தடிமனான குவிலென்ஸை எடுத்து வலது கண்ணில் வைத்துக்கொண்டு போனுக்கு நேராக வருகிறார், கண் மட்டும் தோசைக்கல் அகலத்துக்கு வந்து நிற்கிறது, என் குரலிலேயே, மாணவிகளே வணக்கம் என்கிறார். நீ சிரிக்க ஆரம்பிக்கிறாய். போன் ஆடுகிறது, ஃபேன் தெரிகிறது, தரை தெரிகிறது, உன் கால் தெரிகிறது. அப்புறம் படமே இல்லை, நீ மூச்சு வாங்கி வாங்கிச் சிரிக்கிற சத்தம் மட்டும்தான், கிட்டத்தட்ட ஒரு நிமிஷம். போதும், இதை அழித்துவிட்டு ஒழுங்காக எடு என்று நான் சொல்வதோடு முடிகிறது. அவ்வளவுதான். ஒன்றிரண்டு வார்த்தை முன்பின் ஆகியிருக்கலாம், நான் கூட்டிச் சேர்க்கவில்லை.

இனி கடைக்குப் போனதைச் சொல்கிறேன். இனாயத் தம்பிதான் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறார், அத்தாவிடம் பதினாறு வருஷம் வேலை பார்த்தவர். கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினார், பில்லும் பவர் சீட்டும் தவிர ஒன்றுமில்லை. எந்த வீடியோ பாபி என்று கேட்டார், லென்ஸ் வீடியோ என்றேன், கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அப்புறம் சொன்னார், நீ வெளிநாடு போனதிலிருந்து அத்தா தினமும் பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம், பேசமாட்டாராம், முடிந்ததும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பாராம். யாரிடம் பாய் பேசுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். அத்தா போனைத் திருப்பிக் காட்டினாராம், இந்த வீடியோ. பார்க்காமல் காதில் வைத்தால் என்ன தெரியும் என்று இவர் கேட்க, அத்தா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். “எம் மூஞ்சியத்தான் கடையில அத்தினி கண்ணாடிலயும் பாத்துக்கினு கீறேனே இனாயத்து. இது எம் பொண்ணு சிரிக்கிறது.”

எனக்கு இது தெரியாது தூபா. நீ ஏர்போர்ட்டில் அழுதபோது அவர் ட்ராலியைச் சரிபண்ணிக்கொண்டே இருந்தார், அத்தாவுக்கு என் மேல் கோபமா என்று என்னிடம் எத்தனை தடவை கேட்டிருக்கிறாய், நானும் இல்லை இல்லை என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தவள். நீ அவர் குரலுக்காக அந்த வீடியோவைத் தேடுகிறாய். அவர் அதை வைத்திருந்தது உன் சத்தத்துக்காக. அவர் பேச்சை நான் அழித்துவிட்டேன், அதற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவர் தினமும் பகலில் கேட்டதை என்னால் அழிக்க முடியவில்லை, அது ராட்டர்டாமில் நேரத்துக்குச் சாப்பிடாமல் ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறது.

அல்லாஹ் உனக்கு நல்ல ஆயுசையும் சுகத்தையும் தரட்டும், கூட இருப்பவர்களை நல்லவர்களாகத் தரட்டும், நோன்பு வைக்க உடம்பில் தெம்பு தரட்டும். விடியுமுன் ஸஹருக்கு வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, இரண்டு முட்டையாவது வேகவைத்துக்கொள். இதைப் படித்து முடித்ததும் போன் பண்ணு. அழுகை வந்தால் அழுதுவிட்டுப் பண்ணு, கோபம் வந்தால் கோபத்தோடேயே பண்ணு, நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைக்கமாட்டேன். நீ பேசுவதைப் பதிந்துகொள்ளப் போகிறேன், அதற்கு உன் பெயரைத்தான் வைப்பேன்.

துஆவோடு,
உன் அம்மா
வஜீஹா அமீன்